டோனர்

கம்பெனிக்கு இது மூன்றாவது பெயர்.
குடிகாட்டுக்காரர்களுக்குப் பெயர் ஒரு பொருட்டில்லை.
காற்றில் அழுகின முட்டைக்கோஸ் வந்தால்
அது நாங்கள்.
நெயில் பாலிஷ் வந்தால் பக்கத்துக் கேட்.
இணைப்புக்குப் பிறகும்
முட்டைக்கோஸ் முட்டைக்கோஸாகவே இருக்கிறது.

முதல் பெயரில் சேர்ந்தேன்.
நீலப் பட்டை, ஊழியர் எண் நானூற்றுப் பன்னிரண்டு.
இரண்டாம் பெயரில் ஆரஞ்சுப் பட்டை, எண் ஏழு இலக்கம்.
மூன்றாவதற்கு இன்னும் அட்டையே வரவில்லை.
பதினோரு வருடமாய் என்னைப் பார்க்கிற
செக்யூரிட்டி மரியசூசை
விசிட்டர் நோட்டில் தினமும் எழுத வைக்கிறார்:
பெயர், நேரம், யாரைப் பார்க்க.
யாரைப் பார்க்க என்ற கட்டத்தில்
முதல் நாள் ஒரு கோடு இழுத்தேன்.
மறுநாள் 'என்னை' என்று எழுதிப் பார்த்தேன்.
ஒருவரும் கேட்கவில்லை.

இணைந்த அன்று கேன்டீனில் கேசரி.
திரையில் வந்தவர் மூன்று தடவை சினர்ஜி என்றார்.
எச்.ஆர். என்பதால்
தமிழில் சொல்லச் சொன்னார்கள் என்னை.
கூட்டு, என்றேன்.
பாய்லர் பாவாடை கையைத் தூக்கினார்:
"பொரியல் உண்டுங்களா மேடம்?"
அப்படிச் சிரித்தோம்.

ஆறே வாரம்.
நாற்பத்தொரு கடிதம், மூன்று மணிக்குள்.
இருபத்திரண்டாவதில் எழுத்து வெளிறத் தொடங்கியது.

புது விதிப்படி
ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எதற்கும் புனே சம்மதிக்க வேண்டும்.
நிலேஷ் என்பவருக்கு மெயில் போட்டேன்:
அன்புடையீர், அவசரம், ஒரு டோனர்.
என்ன அவசரம் என்று எழுதவில்லை.
அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

கழற்றிக் குலுக்கினால் பத்துப் பக்கம் கூட வரும்.
குலுக்கினேன்.
கைக்குழந்தையை ஆட்டுவதுபோல் இப்படியும் அப்படியும்.
வந்தது பத்துப் பக்கம்.
மறுபடி குலுக்கினேன்.
முழங்கை வரை கரி.

கலியபெருமாளுக்கு 'கலிய' வரை கறுப்பு,
'பெருமாள்' சாம்பல்.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டார்,
"கடைசித் தேதி பதினஞ்சா, பதினெட்டா?"
பதினைந்து, என்றேன்.
பதினைந்துதான்.
பதினெட்டு என்று சொல்லியிருந்தால்
மூன்று நாள் யார் எண்ணியிருக்கப் போகிறார்கள்?

பாவாடையின் கடிதத்தில் என் கட்டை விரல் ரேகை விழுந்திருந்தது.
அவர் கடிதத்தைப் படிக்கவில்லை, என் கையைப் பார்த்தார்.
"வெந்நீர்ல கழுவிடாதீங்க, அப்பிக்கும்.
பச்சத் தண்ணியில விட்டு ஊதிட்டுக் கழுவுங்க."
நான்காக மடித்து
கழுவின டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடினார்.
ஈரம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஐந்தரை பஸ்ஸில் யாரும் சத்தமாக அழவில்லை.
பச்சையாங்குப்பத்தில் ஒருவர், ஓ.டி.யில் இருவர்,
இறங்கும்போது வாய் தவறி
'காலையில பாக்கலாம்' என்றவர்கள்
படிக்கட்டிலேயே நின்றுவிட்டு இறங்கினார்கள்.
டிரைவர் இதயத்துல்லா
ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.
கெடிலம் பாலம் தாண்டியும் ரேடியோ போடவில்லை.

பச்சைத் தண்ணீரில்தான் கழுவினேன்.
நகக்கண்ணில் மட்டும் நின்றது.
அன்றிரவு ஸ்பூனால் சாப்பிட்டேன்.
"என்ன, புதுப் பழக்கம்?" என்றார் வீட்டில்.
வெட்டுக்காயம், என்றேன்.

மறுநாள் என் மெயில் திரும்பி வந்திருந்தது:
இந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை.
நிலேஷின் முகம் எனக்குத் தெரியாது.
அவர் கடிதமாவது
தெளிவாக விழுந்திருக்குமா?

ஒன்பதாம் நாள் கூரியரில் டோனர் வந்தது,
யார் சம்மதித்ததோ.
நான் கேட்டது ஒன்று. வந்தவை இரண்டு.
எதற்கு இரண்டு, என்றேன்.
"கையெழுத்துப் போடுங்க மேடம்,
மழை வருது" என்றான் பையன்.

மாட்டினேன்.
பரிசோதனைக்கு ஒரு பக்கம் அடிக்கச் சொன்னது மெஷின்.
அடித்தேன்.
என்ன ஒரு கறுப்பு.