உரிய நடவடிக்கைக்கு

விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.
மூன்று வரி.
பதினான்கு ஆண்டுகளில் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தவற்றில்
அதுதான் மிகச் சிறியது.
'பணிவுடன்' என்ற இடத்தில் மட்டும் சற்று நின்றார்.
வேண்டாம், எடுத்துவிடு என்றார்.
பிறகு, இருக்கட்டும் என்றார்.

பாட்னா கட்சி அலுவலகத்தில் மாலை போட்டபோது
சாமந்தி இதழ்கள் சட்டைக்குள் இறங்கிவிட்டன.
நலினாக்ஷ் வர்மா, இ.ஆ.ப.,
(பணி துறந்தவர் என்று இனிச் சேர்க்கவேண்டும்)
நாற்பது நிமிடம் கழுத்தைச் சொறியாமல் நின்றார்.
பயிற்சி அப்படி.

கும்பிடத்தான் வரவில்லை.
கும்பிடு வாங்கியே பழகிய கைகள்
மார்புக்கு நேரே வந்ததும்
ஏதோ கோப்பை வாங்கப்போவதுபோல் பிரிந்துவிடும்.
'இன்னும் மேலே சார்' என்பான்
கட்சி அனுப்பிவைத்த பையன் குந்தன்.
சார் என்று கூப்பிடாதே என்றார்.
'சரி சார்.'

முதல் மேடைப்பேச்சில் மூன்று பிரிவுகள்.
இரண்டாவதற்குள் அ, ஆ, இ.
கூட்டம் பொறுத்துக்கொண்டது.
அடுத்து ஒரு பாடகி வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கோசியின் இரண்டு கரைகளுக்கும் நடுவே
அரசு வரைபடத்தில் வெறும் ஆறு,
வாக்காளர் பட்டியலில் ஊர்.
ஒன்பது முறை இடம் மாறிய ஊர்,
ஒவ்வொரு முறையும் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு.
படகில் போனோம்.
ஜோகிந்தர் முகியா கழியை ஊன்றியபடியே கேட்டார்:
'பெருவெள்ளத்தின்போது ஹெலிகாப்டரில் ஆபீசர்கள் வந்தார்கள்.
கூரைமேல் ஏறிக் கையசைத்தோம்.
மேலேயிருந்து பார்த்தால் தெரியுமா?'
அவருக்குப் பதில் வரவில்லை.
'பார்த்தேன்' என்பது
கோப்புகளின் ஓரத்தில் அவர் வழக்கமாக எழுதும் சொல்,
அதற்குமேல் ஒன்றும் எழுத வேண்டாத இடங்களில்.

மணல்மேட்டில், மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்த வாசலில்
தேத்ரி தேவி நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.
அந்த ஊரில் இருப்பதே அது ஒன்றுதான் போல.
குந்தன் கண்ணைக் காட்டினான்.
அவர் தரையில் உட்கார்ந்தார்.
முழங்கால் சொடுக்கியது எனக்குக் கேட்டது.
நாற்காலி நடுவில் சும்மா இருந்தது, யாரோ வரவேண்டியதுபோல.

அவள் உள்ளே போய் ஒரு தாளுடன் வந்தாள்.
பிளாஸ்டிக் உறை போட்ட தாள்.
எருமை போன ஆண்டும், இரண்டு சுவர்கள் போன ஆண்டும்
தலைமுடிச்சில் கட்டிக் காப்பாற்றியது.
கரைக்கு வெளியே மேட்டுநிலம் கேட்டு
எண்பத்தாறு கைநாட்டுகள்.
இடது ஓரத்தில், பச்சை மையில்,
'உரிய நடவடிக்கைக்கு.'
கீழே சுருக்கொப்பம்.
பத்தொன்பது ஆண்டுகள். மை அப்படியே இருந்தது.

கடைசி எழுத்தின் வால்
கோட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன்.
பிறகு என் செருப்பைப் பார்த்தேன்.

'இது பெரிய ஆபீசர் போட்டது' என்றாள்.
'நீங்கள் பாட்னா போகிறவர்.
அவரைக் கண்டால் சொல்லுங்கள்,
நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று.'

கண்ணாடியைக் கேட்டு வாங்கி
முழு மனுவையும் படித்தார், இரண்டு பக்கமும்.
அன்று படித்திருப்பாரா, தெரியாது.
நாளைக்கு எழுபது மனு வரும் மேசையில்
ஓரம்தான் முதலில் கண்ணில் படும்.
'மூன்று மணிக்கு அடுத்த ஊர்' என்றான் குந்தன்.

'அந்த ஆபீசர் நான்தான், அம்மா.'

தேத்ரி தேவி சிரித்தாள்.
வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு,
நெடுநேரம், அக்கம்பக்கத்துப் பெண்களைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து.
'ஓட்டுக்காக என்னவெல்லாம் சொல்கிறார்கள்!
ஆபீசர் எங்கேயாவது தரையில் உட்காருவாரா?'
தாளை வாங்கி உறையைத் துடைத்து
உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

திரும்பும் வழியில், நடு ஆற்றில்
'குறிப்பெடு' என்றார்.
நோட்டைத் திறந்தேன்.
முகியா இருமுறை கழியை மாற்றிப் பிடித்தார்.
நீர் படகின் வயிற்றைத் தட்டிக்கொண்டே வந்தது.
கரை தட்டும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் தேதி மட்டும் போட்டிருந்தேன்.