சுட்ட கல்

செவ்வாய் இரவு, பிராண்டன் கர்லிங் மன்றம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே மைனஸ் நான்கு;
கோட்டைக் கழற்றிவிட்டு, கதகதப்பு என்கிறார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரெய்ன் எங்கள் தலைவி.
அடுத்து ஒக்ஸானா, ஊருக்கெல்லாம் வரிக் கணக்கு எழுதுபவள்.
துடைப்பது டார்லாவும் நானும்.
செண்பகவல்லி இங்கே ஷென் ஆகி
ஆறு பனிக்காலம் ஆயிற்று.
கல் இருபது கிலோ. அது போகும் வழியெல்லாம்
முன்னால் குனிந்து, பனியைத் தேய்த்துக்கொண்டே ஓட வேண்டும்.
வீட்டில் துடைப்பம் தொடாதவள் என்று
என் கணவன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்.
கல் போய்ச் சேரவேண்டிய வட்டத்துக்கும்
வீடு என்றுதான் பெயர்.

இந்த ஆட்டத்தில் விசில் கிடையாது.
ஓடும் கல்லில் துடைப்பம் பட்டுவிட்டால்
பட்டவளே கை தூக்கிச் சொல்ல வேண்டும்,
கல்லை ஓரமாக ஒதுக்க வேண்டும்.
எரிந்த கல் என்பார்கள் அதை.
சுட்ட கல், என்று டார்லாவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன்:
நெருப்பில் சுட்டாலும் சுட்டதுதான்,
அடுத்தவள் பையிலிருந்து சுட்டாலும் சுட்டதுதான்.
பீர் மூக்கில் ஏறச் சிரித்தாள்.
அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்.

எட்டாம் சுற்று. ஐந்துக்கு ஐந்து.
வட்டத்தில் எதிரணியின் மஞ்சள் கல் ஒன்று.
கடைசிக் கல் லொரெய்னுடையது.
மறுமுனையில் ஒக்ஸானா தொண்டை கிழியக் கத்துகிறாள்.
பாதி வழியில் என் குதிகால் வழுக்கியது,
துடைப்பத்தின் விளிம்பு கல்லில் பட்டது.
இடித்தது என்றால் மிகை;
அவிழ்ந்த முடி தோளில் விழுவது போல.
சத்தமில்லை.
ஆனால் கைப்பிடி வழியே
மணிக்கட்டுக்கு வந்துவிட்டது சேதி.

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கல் போய் வீட்டின் நடுவில் உட்கார்ந்தது,
வாடகை பாக்கியே இல்லாத மாதிரி.

பலகையில் எங்கள் தகடு ஏறியது.
லொரெய்ன் கட்டிப்பிடித்தாள்,
அவள் தாடை என் தோளில் நடுங்கியது.
ஒன்பது வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம்.
இதையும் சொல்லத்தான் வேண்டும், சாக்காக அல்ல.

வென்றவர்கள் தோற்றவர்களுக்கு
வாங்கிக் கொடுப்பது இங்கே வழக்கம்.
நீபாவாவிலிருந்து பனியில் ஓட்டி வந்த ஈடித்
ஜிஞ்சர் ஏல் போதும் என்றாள், திரும்பவும் ஓட்ட வேண்டுமே.
நான் பணப்பையைத் திறந்தேன்.
டார்லா என் காதருகே குனிந்து
கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாள்:
"ஸுட்டா."

அவளும் பார்த்திருக்கிறாள்.
இருபது நிமிடமாக நாங்கள் இருவரும்
ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சொன்னேன்.
ஆறு வருட ஆங்கிலம் அந்த நேரம் எங்கே போயிற்றோ.
என் துடைப்பம். கடைசிக் கல். பட்டது.
லொரெய்ன் ஏன் என்று கேட்கவில்லை.
"எந்த இடத்தில்?"
"பாதியில்."
டார்லா பக்கம் திரும்பினாள். "நீ?"
"பார்த்தேன்."
எழுந்து போய்த் தகட்டைக் கழற்றி வந்து
உப்புக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
"பாதியில் அது லேசாகத் திரும்பியது.
நானும் கேட்கவில்லை," என்றாள், தகட்டிடம்.

ஈடித் தன் பையிலிருந்து இருபது டாலர் எடுத்து மேசையில் வைத்து
என் நோட்டை என் பக்கம் தள்ளினாள்.
"அப்படியானால் வாங்கித் தர வேண்டியது நாங்கள்."
அந்த ஜிஞ்சர் ஏலைப் போல்
எதுவும் என் தொண்டையில் இறங்க மறுத்ததில்லை.

திரும்பும்போது காரில் ஹீட்டர் மட்டும் பேசியது.
மூன்று செவ்வாய் லொரெய்ன் என் பெயர் சொல்லவில்லை;
துடை, துடை, அவ்வளவுதான்.

நான்காம் வாரம், இரண்டாம் சுற்று.
ஓடிக்கொண்டிருந்த டார்லா
சட்டென நிமிர்ந்து கையைத் தூக்கினாள்.
யாரும் பார்த்திருக்க முடியாது.
பக்கத்திலேயே ஓடிய நான்கூட.
கல்லை நான்தான் ஒதுக்கினேன்.
இருபது கிலோ.
காலால் தள்ளினால்
லேசாகத்தான் போகிறது.