இருபது லட்சத்துக்குக் கீழே

எபநேசர் சார் கேட்டது ஒரே கேள்வி:
பத்தாவது அறை கட்டலாமா?

தோட்டப்பாளையத்தில்
ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில்
வீடு வைத்திருக்கிற எல்லோரும்
ஏதாவது ஒரு மே மாதத்தில் வந்து கேட்பதுதான்.
லாங் பஜார் மாடியில், மின்விசிறிக்கு நேர்கீழே,
பில்கள் பறக்காமல் அரைக்கிலோ படிக்கல்லை மேலே வைத்து
கணக்குப் போட்டேன்.

அறுநூறு ரூபாய், ஒன்பது அறை,
முன்னூற்று அறுபத்தைந்து ராத்திரி:
பத்தொன்பது லட்சத்து எழுபத்தோராயிரம்.
முன்பக்க ஜெராக்ஸ் கடை வாடகை இருபத்து நாலாயிரம்,
அதையும் சேர்க்கணும்.
சேர்த்தாலும் கோடு தாண்டவில்லை.
பத்தாவதுக்குக் கதவு மாட்டினால்
ஜி.எஸ்.டி. உள்ளே வரும்,
செருப்பைக் கழற்றாமல்.

"அப்போ இதுவரைக்கும் நான் வரியே கட்டலையாம்மா?"

கட்டியிருக்கீங்க சார்.
சிமெண்ட் மூட்டையில், கம்பியில்,
பாத்ரூம் டைல்ஸில்,
ஹாலைக் குறுக்கே மறித்த ஹாலோ பிளாக்கில்.
அத்தனையும் சுவருக்குள் இருக்கிறது.
பதிவு எடுத்தாலும் திரும்பாது.
கட்டடத்துக்குள் போன வரி
பாலாற்றுக்குள் போன தண்ணீர்,
மணலுக்குத்தான் தெரியும்.

சிரித்தார். பிறகு,
"வீடு எந்தத் தேதியில லாட்ஜ் ஆச்சு?"

மின்வாரியம் ஒரு தேதி சொல்கிறது,
மாநகராட்சி வேறொன்று.
ஹெப்சிபா அம்மாவைக் கேட்டால்
தன் அடுப்படியில் முதன்முதலாகக்
கடுகெண்ணெய் புகைந்த அன்று என்பார்.

சட்டத்தில்
வசிக்க விட்டால் வரி இல்லை,
தங்க விட்டால் உண்டு.
வசிப்பதும் தங்குவதும் எங்கே பிரிகின்றன என்று
தீர்ப்புகள் படித்திருக்கிறேன்.
மால்டாவிலிருந்து வந்த சுபல் மண்டல்
ஏழாம் அறையில் ஐந்து மாதம் இருந்தார்.
பெயிண்ட் டப்பாவில் மிளகாய்ச் செடி வைத்தார்.
காய்த்தது.
எந்தத் தீர்ப்பிலும் மிளகாய்ச் செடி இல்லை.

அப்போதுதான் பட்டது: வருகிற பிப்ரவரிக்கு
இருபத்தொன்பது நாள்.
ஒரு ராத்திரி கூடினால்
இருபது லட்சத்து நானூறு.
நானூறு ரூபாயில் மாட்டிக்கொள்வார்.
"அன்னிக்கு மட்டும் ஒரு ரூமைப் பூட்டிடுங்க சார்"
என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் வரவு நோட்டை என் பக்கம் தள்ளினார்.
நான் இதுவரை திறக்காதது.
தேதிக்கு நேரே அறுநூறு, அறுநூறு,
ஒரு கோடு.
மறுபடி அறுநூறு. இரண்டு கோடு.
ஏழாம் அறை, மார்ச்,
வரிசையாகப் பதினொரு கோடு.

காலியா சார்?

"ஆள் இருந்தாங்க.
ரிப்போர்ட் மோசமா வந்தா அன்னிக்கு வாங்க மாட்டேன்.
ஆம்புலன்ஸுக்குப் பணம் வர்ற வரைக்கும் வாங்க மாட்டேன்.
அதை எந்தக் காலத்துல எழுதணும்?
தள்ளுபடியா?"

பணம் வாங்காமல் தந்தது
சட்டப்படி சப்ளையே இல்லை சார்.
எழுதவே வேண்டாம்.

போன வருஷக் கோடுகள் நூற்று எண்பத்தேழு.
கழித்தேன். பதினெட்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து எண்ணூறு.
பத்தாவது அறையைச் சேர்த்தேன், தாண்டியது.
தாண்டாமல் இருக்க வேண்டுமென்றால்
அந்த ஒரு அறையில் மட்டும்
வருஷத்துக்கு நூற்று எழுபது ராத்திரி
கோடு விழ வேண்டும்.

அதை அவரிடம் சொல்லவில்லை.
கால்குலேட்டரில் சைபர் போட்டேன்.

"பதிவு பண்ணிக்கலாம் சார். அஞ்சு சதவீதம்தான்.
அறுநூத்து முப்பதா வாங்கிக்கோங்க."

நோட்டை மூடி ரப்பர் பேண்ட் மாட்டினார்.
நெடுநேரம் யோசித்தார்.

"முப்பது ரூபாய்க்கு
ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்குறவங்க
சில்லறைக்கு எங்கம்மா போவாங்க?"