வரம்புக்குள்

மூன்றாம் முறையாக ஷட்டரை மாற்றிக் கொடுத்தார்கள்.
மூன்றாம் முறையும் இடது மேல் மூலையில்
கடுகளவு எண்ணெய்த் துளி.

சாட்ஸ்வொர்த் கல்யாணங்களில்
உயரமானவர்களை நான் இடப்பக்கம் நிறுத்துவதில்லை.
கோகிலம் அதையும் கண்டுபிடித்துவிட்டாள்.
வெளியே எடுத்த படங்களில்
அது பறவை என்று சமாளித்தேன்.
முந்நூறு படம், ஒரே பறவை,
சிறகை அசைக்காமல்.

கம்பெனிக் கடிதம் ஜோகன்னஸ்பர்க் வழியாக வந்தது.
குறை என்ற சொல்லே இல்லை அதில்.
'தன்மை' என்றிருந்தது.
டர்பனின் ஈரக்காற்று என்றிருந்தது.
அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்.
யார் அனுமதித்தது என்று கேட்க ஒரு நம்பர்;
அதில் நாற்பது நிமிடம் பியானோ.

சர்வீஸ் கவுண்டர் ம்துன்சி
மேனேஜர் சாப்பிடப் போன நேரம் பார்த்து
இழுப்பறையைத் திறந்தான்.
பதினேழு கேமரா.
பதினேழிலும் என் கேமராவுக்குக் கட்டிய அதே சிவப்புச் சீட்டு.
'உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று
சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்' என்றான்,
சொல்லியும் விட்டான்.

வீட்டுக்கு வந்து
கடிதத்தை மேஜையில் விரித்து
அதே கேமராவில் படமெடுத்தேன்.
துளி நேராகப் போய்
கம்பெனி முத்திரையின் மேல் உட்கார்ந்தது.

சனிக்கிழமை ஃபீனிக்ஸில் ஒரு நிச்சயதார்த்தம்.
முன்பணம் வாங்கியாயிற்று.