நாலு நிமிசம் பத்து செக்கன்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று
வானொலி சொன்ன அன்று பின்னேரம்
நான் வீட்டை ஒருக்கால் காலி செய்து பார்த்தேன்.
மழை இன்னும் வரவில்லை.
பன்னங்கண்டி வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர்.
அதற்குள் ஒரு கொக்கு, அவசரமே இல்லாமல்.

விசில் என் வாயில்.
போனில் செக்கன் ஓடத் தொடங்கியது.

கேசவி, நீலப் பை உன்னுடையது.
பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, அப்பாவின் கிளினிக் கொப்பி,
காணிக்கு உறுதி இல்லை, பெர்மிற்றுத்தான்,
அதையும் மூன்று தரம் பொலித்தீனால் சுற்றியிருக்கிறேன்.
துமிலன், உனக்குத் தண்ணீர்க் கான்.
அரைவாசிக்கு மேல் நிரப்பாதே.
நிரப்பினால் உன்னால் தூக்க ஏலாது.
அரைவாசி என்றால், கை நழுவினாலும்
மிதந்துகொண்டு நிற்கும்.

மாட்டை அவிழ்ப்பது இவர் பொறுப்பு.
போன வெள்ளம் வடிந்தபோது
கட்டைகளில் கயிறு இருந்தது,
கயிற்றின் மற்ற நுனியில்…
சரி, அது இப்போது வேண்டாம்.
அவிழ்த்து விட வேணும், அவ்வளவுதான்.

ஒரு நிமிசம் இருபது.
துமிலனுக்கு ஒரு செருப்பைக் காணவில்லை.

அப்போதுதான் காற்று ஒருதரம் சுழன்று வந்து
சத்தியரூபி அக்கா வீட்டுக் கூரைத் தகரத்தைக்
கழற்றி நிலத்தில் அடித்தது.

இவர் படுத்துவிட்டார்.
முற்றத்தில், குப்புற, வாயைத் திறந்தபடி,
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.
இதுவும் பயிற்சியில் ஒரு பகுதி என்று நினைத்து
துமிலனும் ஓடிப்போய்ப் பக்கத்தில் படுத்தான்.
கானில் தண்ணீர் குளுக் குளுக் என்றது.
வேலிக்கு மேலால் அக்கா கேட்டா:
"தேவகரன், விழுந்திட்டீரோ?"

எங்களுக்குப் பழக்கின எல்லாமே கீழே போகத்தான்.
கிபிர் இரைந்தால் கீழே.
ஷெல் கூவினால் இன்னும் கீழே.
மண்ணுக்குள் எவ்வளவு போகிறாயோ அவ்வளவு உயிர்.
பதினைந்து வருசம் கழித்தும்
முழங்காலுக்கு அதுதான் தெரிந்திருக்கிறது.

நான் விசிலை எடுத்துவிட்டுச் சொன்னேன்:
"எழும்புங்கோ. இது மேல போற விசயம்."

மேலே என்றால் பள்ளிக்கூட மாடி.
குறுக்கு வழியில் போகக்கூடாது,
மதகடியில் புடையன் ஏறி இருக்கும்.
தார் ரோட்டால், கயிற்றைப் பிடித்து, வரிசையாக.
நீலப் பை தலைக்கு மேல்.
ஆர் கூப்பிட்டாலும் திரும்பி வீட்டுக்குள் போகக்கூடாது,
நான் கூப்பிட்டாலும்.
கேசவி என்னைப் பார்த்தாள்.
"நீங்கள் கூப்பிட்டாலுமோ?"
"ஓம்."
அதை மட்டும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் தரம் ஏழு நிமிசம்.
இரண்டாம் தரம் நாலு நிமிசம் பத்து செக்கன்.
மாடு மட்டும் ஒத்திகைக்கு வரவில்லை.
அவிழ்த்து விட்டும் அதே கட்டையடியில் நின்று
எங்களைப் பார்த்து அசைபோட்டது.

இனி, எப்போது வெளிக்கிடுவது என்கிற கேள்வி.
வான் கதவு திறக்கப்போவதாய் ஜீ.எஸ் அறிவிப்பார்,
போன் சார்ஜ் இருந்தால் கேட்கும்.
இல்லாவிட்டால் எங்களிடம் இன்னொரு கணக்கு இருக்கிறது.
கிணற்றுக்குப் பின்னால், கோழிக்கூட்டடியில்,
மூடின பங்கர்.
எத்தனை லோட் மண் கொட்டியும்
வருசா வருசம் அது கொஞ்சம் கீழே இறங்கும்.
வளவில் முதலில் தண்ணீர் குடிக்கிற இடம் அதுதான்.
அதில் ஒரு செங்கல்லை நட்டு வைத்திருக்கிறோம்.
கல் மறைந்தால்
சோறு அடுப்பில் இருந்தாலும் எழும்ப வேணும்.

இரவு பதினொன்றரைக்கு மழை பிடித்தது.
பிள்ளைகள் உடுப்போடு படுத்திருந்தார்கள்.
பைகள் கதவடியில்,
காணாமல்போன செருப்பு கேசவியின் கட்டிலுக்குக் கீழே.
இவர் ரோச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.
வெளிச்சம் கோழிக்கூட்டடியில்
கனநேரம் அசையாமல் நின்றது.

வந்து, "கல் தெரியுது" என்றார்.
தலையைத் துடைத்தார்.
செருப்பைக் கழற்றாமல் படுத்தார்.