கல்லறை மேட்டில் சிக்னல்

புயல் போன ஆறாம் நாள்
அப்பலாச்சியன் மலையில் எங்கள் பள்ளத்தாக்குக்கு
சிக்னல் கிடைத்தது கல்லறை மேட்டில் மட்டும்.
ஹட்டோ குடும்பத்துக் கற்களுக்கு நடுவே
ஆளுக்கொரு கையை வானத்துக்குத் தூக்கி நின்றோம்.
தூரத்திலிருந்து பார்த்தவர்கள்
ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

பாலம் ஆற்றோடு போயிருந்தது.
இன்சுலின் கோவேறு கழுதை மீது வந்தது,
ஒன்றரை நாள் பிடித்தது.
வதந்திக்குப் பாலம் தேவைப்படவில்லை.

"அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.
அது உதவி இல்லை, கடன்.
கட்டாவிட்டால் நிலம் அவர்களுக்கு."
யாரோ யாருக்கோ அனுப்பியது.
நான் பதினேழு பேருக்கு அனுப்பினேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
யார் வீட்டில் எத்தனை மணிக்கு
விளக்கு எரியும் என்பதுவரை தெரியும்.
என் பெயரில் வந்தால் நம்புவார்கள்.
நம்பினார்கள்.

வெர்லின் ஹட்டோ நம்பினார்.
சேறு இடுப்பளவு ஏறி இறங்கிய வீட்டின் முன்
படிவத்தை நான்காகக் கிழித்து
அடுப்புப் பற்றவைத்தார்.
கதவில் ஒரு பலகையை அறைந்து
பெயிண்டில் எழுதினார்: உள்ளே வந்தால் சுடுவேன்.
அத்தனை வெள்ளத்திலும்
அந்தப் பெயிண்ட் டப்பா மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

மறுநாள் வந்தவள் பெயர் அன்செல்மா.
இரண்டு மாநிலம் தாண்டி வந்தவள்,
காரிலேயே தூங்குகிறவள்.
பலகையை இரண்டு முறை படித்தாள்.
வாசலில் ஒரு தண்ணீர் கேனை வைத்துவிட்டுத்
திரும்பிப் போனாள்.
அதில் விஷம் என்று மாலைக்குள் ஒரு செய்தி.
அது நான் இல்லை.
ஆனாலும் என் வீட்டுச் சாயல் அதில் இருந்தது.

தேவாலயத்து வாசலில், மடக்கு மேசையில்,
படிவத்தை முதன்முறையாக முழுசாகப் படித்தேன்.
நான்கு பக்கம்.
கடன் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்:
இது கடன் அன்று.

நின்ற நிலையில் ஒரு நிமிடத்தில் சொன்ன பொய்.
அதைத் திரும்ப எடுக்க
வெர்லினின் சமையலறையில்
மூன்று மதியம் மண்வெட்டி பிடித்தேன்.
முதல் நாள் அவர் பேசவில்லை.
இரண்டாம் நாள்,
"உன்னையும் வாங்கிவிட்டார்களா?" என்றார்.
மூன்றாம் நாள் குளிர்பெட்டியை
இருவருமாய் வெளியே உருட்டினோம்.
உள்ளே அழுகிய மான்கறி.
குமட்டலோடு படியில் உட்கார்ந்தபோது கேட்டார்:
"உனக்கு யார் சொன்னது?"
"தெரியாது."
"கேட்கவில்லையா?"
"கேட்கவில்லை."
கத்துவார் என்று காத்திருந்தேன்.
"நானும் உன்னைக் கேட்கவில்லையே" என்றார்.

வியாழன்தான் கடைசி நாள்.
புதனன்று பலகையைக் கழற்றி,
மடியில் குப்புறப் போட்டு,
அதன்மேல் புதிய படிவத்தை விரித்தார்.
அன்செல்மா இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்தாள்.
டிராக்டர் ஒன்று.
வேலி, எண்ணூறு அடி.
ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று, மனைவியுடையது.
பேனா நின்றது.
"அவளுடைய போட்டோக்கள். அவை எந்தக் கட்டத்தில்?"
அவள் நான்கு பக்கமும் புரட்டிப் பார்த்து
"அதற்குக் கட்டம் இல்லை" என்றாள்.
அவள் சொன்னதில் அவர் முதலில் நம்பியது
அதைத்தான்.

நேற்று மாலை மறுபடி மேடேறினேன்.
ஃபோன் துடித்தது:
மேல் அணை உடைந்துவிட்டது, ஓடுங்கள்,
எல்லோருக்கும் அனுப்புங்கள்.
கட்டைவிரல் தானாகவே இறங்கியது.
பாதியில் பிடித்தேன்.
அணைக்குக் கீழே குடியிருக்கும் கார்டெலை அழைத்தேன்.
ஏழெட்டு மணிக்குப் பிறகு எடுத்தான்.
"அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
தண்ணீர் தன் இடத்தில் இருக்கிறது.
கேட்டவர்களில் நீ மூன்றாவது ஆள்."

அவன் பெயரைப் போட்டு,
அவன் பார்த்த நேரத்தைப் போட்டு,
அதே பதினேழு பேருக்கும் எழுதினேன்.
அனுப்பிவிட்டு நிமிர்ந்தால்
கீழே இரண்டு வண்டிகளின் விளக்குகள்
சேற்றில் வழுக்கி வழுக்கி
ஏற்கெனவே மேட்டை நோக்கி
வந்துகொண்டிருந்தன.