சோளகத்துக்கு எதிரே

முல்லைத்தீவிலிருந்து புறப்பட்டு மூன்றாம் நாள்.
பண்ணையில் பிளேன்ரீ, ஆளுக்கு இரண்டு றோல்ஸ்.
தயாபரன் காசை எண்ணிக் கொடுத்தார்,
நான் ரயரை அமத்திப் பார்த்தேன்.
அதற்குப் பிறகு வேலணை வரை
பேச ஒன்றும் இருக்கவில்லை.

தாம்போதியில் ஏறியதும் சோளகம் பிடித்தது.
இரண்டு பக்கமும் முழங்காலளவுக் கடல்.
முன்னுக்குப் போகிறவர் காற்றை உடைக்க
பின்னுக்கு வருகிறவர் ஒதுங்கி வரலாம்;
கட்டைக்கொருக்கா மாறுவதென்று ஒப்பந்தம்.

முதல் முறை அவர்.
எதிர்காற்றுக்கு ஒரு குணம்:
முன்னால் சொல்வதெல்லாம் பின்னால் வந்து விழும்,
பின்னால் கத்துவது முன்னுக்குப் போகாது.
இது அவருக்குத் தெரியாது.

"நாசமாய்ப் போன சீற்."
"நாற்பத்தொன்பது வயசில இது தேவையோ?"
ஏழெட்டு மிதி கழித்து,
"இவளுக்கு முழங்கால் நோகுதோ தெரியேல்லை,
கேட்டால் இல்லையெண்டுதான் சொல்லுவாள்."

"நோகுது, வலது!" என்று கத்தினேன்.
காற்று அதை வேலணைக்கே
திருப்பிக் கொண்டுபோனது.

கட்டை வந்தது. மணியடித்து முன்னேறினேன்.
சொல்ல நிறைய இருந்தது:
அந்தச் சீட்டுக்காசு,
போன மாசியில் குசினிக்குள் நான் அழுதது.
எல்லாவற்றுக்குமாக வாயைத் திறந்தேன்.
ஒரு பூச்சி, நேரே தொண்டைக்குள்.

இருமி இருமிக் காலூன்றினேன்.
பக்கத்தில் வந்து தண்ணீர்ப்போத்தலை நீட்டினார்.
"என்ன சொன்னனீர்?"
"நாசமாய்ப் போன சீற் எண்டன்."

காற்று விட்ட அளவுக்கு
என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
பிறகு முறை என்னுடையதாயிருக்க
தானே முன்னுக்குப் போனார்,
வாயை இறுக்க மூடிக்கொண்டு,
மெல்ல மிதித்து.